ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போங்க

திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைப் பக்கத்திலிருந்து நாட்டுக்குப் போகிற சரக்கை ஒரு கணக்கு எடுப்போம். கூடங்குளத்தில் இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். இன்னும் நான்கைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ராதாபுரம் வட்டாரத்தில் திரும்பிய பக்கமெல்லாம் காற்றாலை. கடற்கரையிலிருந்து கார்னெட்டும் இல்மனைட்டும் கப்பல் கப்பலாகப் போயின. பனங்காட்டிலிருந்து கருப்பட்டி. தோட்டத்திலிருந்து முருங்கைக்காய். வீட்டுத் திண்ணையிலிருந்து பீடி. பக்கத்துத் தூத்துக்குடியிலிருந்து உப்பு. ஊரானுக்கு விளக்கு எரியவும், சுவர் வெளுக்கவும், குழம்பு ருசிக்கவும், புகை விடவும் வேண்டியதை இந்த மூலை அனுப்பி வைக்கிறது.

பதிலுக்கு வருவது ஒரே ஒரு வாக்கியம். "ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போயிருங்க."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கல்லூரி 1965-ல் தொடங்கியது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் முதுகு ஒடிய உழைக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் நடுவில் கிடக்கிற ரோட்டின்மேல். திசையன்விளையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். உவரிக்காரனுக்கும் கூடங்குளத்துக்காரனுக்கும் அதைவிடக் கூடுதல். மாரடைப்பில் முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம் என்று அரசே போஸ்டர் ஒட்டுகிறது. எங்கள் பொன் மொத்தமும் நாங்குநேரி ரோட்டிலேயே செலவாகிவிடுகிறது.

எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்லப் போவதில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். ராத்திரி பதினொரு மணி. ஸ்ட்ரெச்சர் இருக்கும், அதன் ஒரு சக்கரம் மட்டும் தனியாக வேறு திசைக்குப் போகும். மிஷின் இருக்கும், ஓட்டுகிற ஆள் பகலில் வருவார். ஒரு ஊசி போடுவார்கள், ஒரு பாட்டில் ஏற்றுவார்கள். பிறகு அந்த வாக்கியம். எங்கள் வீட்டுப் பெண்கள் அதைக் கேட்டு அதிர்வதில்லை. மச்சில் இருக்கும் கட்டைப்பையை இறக்குவார்கள். பிளாஸ்க், போர்வை, தட்டு, டம்ளர், ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், காப்பீட்டு அட்டை. எல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கும். நோயாளியைவிட நோயாளியின் பை தயாராக இருக்கிற ஊர் இது.

இதைச் சொன்னால் சென்னையிலிருந்து ஒருவர் சராசரியைத் தூக்கிக்கொண்டு வருவார். தமிழ்நாட்டில் பிரசவத்தில் தாய் இறப்பது லட்சத்துக்கு 54. 2018-20 கணக்கு. இந்திய சராசரி 97. நிதி ஆயோக் போட்ட சுகாதாரப் பட்டியலில் கேரளத்துக்கு அடுத்த நாற்காலி நமக்கு. உண்மைதான், பெருமைதான். ஆனால் சராசரிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சென்னை அண்ணா நகரையும் எங்கள் பக்கத்து அணைக்கரையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இரண்டு ஊரும் பாதி ஆரோக்கியமாகிவிடும். அதே தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்கிறது. அந்த எண்ணுக்கு யாரும் பிளெக்ஸ் அடிக்கவில்லை.

சரி, இந்த மூலைக்கு ஆஸ்பத்திரி தருவதாக யாரும் சொல்லவே இல்லையா? சொன்னார்கள். சாதாரண ஆள் சொல்லவில்லை. 2011 நவம்பரில், உலைக்கு எதிரான போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது, முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கூடங்குளம் வந்தார். உலை பாதுகாப்பானது என்றார். பயப்படாதீர்கள் என்றார். சுற்றுவட்டார மக்களுக்குப் பத்து அம்சத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு அம்சம், 500 படுக்கைகளோடு உலகத்தரம் வாய்ந்த மருத்துவமனை. அடுத்த மார்ச்சில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா 500 கோடி ரூபாய்ச் சிறப்புத் திட்டத்தை அறிவித்தார். 2013 அக்டோபரில் முதல் உலை மின்சாரம் கொடுத்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் கான்கிரீட் கொட்டினார்கள். ஐந்து, ஆறு என்று எண்ணிக்கை ஏறியது. 500 படுக்கையில் ஒரு தலையணைகூட வந்து சேரவில்லை.

அணுவைப் பிளந்து ஆயிரம் மெகாவாட் எடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, செங்கலை அடுக்கி வார்டு கட்டத் தெரியவில்லை என்று நம்பச் சொல்கிறார்கள். உலை எதிர்ப்பாளர்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் போட முடிந்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு எஃப்ஐஆர் எழுதக் காகிதம் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வரைபடம் போடத்தான் காகிதத் தட்டுப்பாடு.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தென்கரைத் தாது மணல் கொள்ளையை சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களின் மணல். வசூலிக்க வேண்டியதாகச் சொல்லப்பட்ட தொகை 5,832 கோடி ரூபாய். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்களே, அத்தனைக்கும் சேர்த்து ஆன செலவு சுமார் 4,000 கோடி. கூட்டிக் கழித்துப் பாருங்கள். எங்கள் காலடி மணலில் பதினோரு மருத்துவக் கல்லூரி போனது, மிச்சக் காசும் போனது. நாங்கள் அந்த மணல்மேல் கட்டைப்பையோடு பஸ்ஸுக்கு நிற்கிறோம்.

ஆஸ்பத்திரி கதை இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வைக்கிற கதைக்கு வருவோம்.

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் பீடி சுற்றாத கிராமத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். காலையில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால், நனைத்த இலையைத் தகர அளவு வைத்துக் கத்தரித்து, ஒரு சிட்டிகை தூளைப் பரப்பி, உருட்டி, நூலைக் கட்டி, நுனியை மடக்கி, ஆயிரத்தை எட்டும்போது பொழுது அடைந்துவிடும். கழுத்து குனிந்தது குனிந்தபடி. முழங்கால் மடங்கியது மடங்கியபடி. தூள் நெடி அறை முழுக்க. பக்கத்தில் பிள்ளை தூங்குகிறது. கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரர் ஒரு கைப்பிடியைக் கழிவு என்று ஒதுக்குவார். அதற்குக் கூலி கிடையாது. வாழ்க்கையில் ஒரு பீடிகூட இழுக்காத அந்தப் பெண்ணின் சிறுநீரில் நிகோடினின் மிச்சம் இருக்கும். இதை ஆய்வாளர்கள் சோதித்து எழுதிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

அரசுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பீடிக் கட்டில் 85 சதவீத இடத்தில் புற்றுநோய்ப் படம் போட வேண்டும் என்று 2016 முதல் கட்டாயம். யாருக்காக? குடிக்கிறவனுக்காக. அவனுக்குக் கலர் படத்தோடு எச்சரிக்கை. சுற்றுகிறவளுக்கு ஒரு முகக்கவசம்கூடக் கிடையாது. புகையிலை உயிரைக் கொல்லும் என்று தியேட்டரில் படத்துக்கு முன்னால் எச்சரிக்கிற அதே அரசு, 2025 செப்டம்பரில் பீடிக்கான ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவு செய்தது. சிகரெட்டுக்கு 40. பணக்காரன் நுரையீரல்மேல் அரசுக்கு அக்கறை அதிகம். கேட்டால் ஏழைத் தொழிலாளியின் பிழைப்பு என்பார்கள்.

அவ்வளவு அக்கறை உள்ளவர்கள்தான் 1976-ல் பீடித் தொழிலாளர் நலநிதிக்கென்று கொண்டுவந்த தனித் தீர்வையை 2017-ல், ஜிஎஸ்டி வந்தபோது, ரத்து செய்தார்கள். அந்தத் தீர்வைக் காசில்தான் தொழிலாளிக்கு மருந்தகமும் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவியும் நடந்தன. இப்போது அந்த நிதி பட்ஜெட்டின் தயவில் நிற்கிறது. பீடி மேல் வரி உண்டு. அதில் சுற்றியவளுக்கென்று எழுதிவைத்த பைசாவைக் காணோம்.

பனங்காட்டுக்கு வாருங்கள். பனையேறி ஒரு நாளைக்குப் பல மரம் ஏறுகிறான். இடுப்பில் பாளை அரிவாள், கையும் காலுமே ஏணி. தவறி விழுந்தால் முதுகெலும்பு. முதுகெலும்பு போனால் அந்த வீட்டில் ஒரு கட்டில், ஒரு மனைவி, மிச்ச ஆயுள். 2025 ஜூனில் பெரியதாழையில் ஓர் அரசியல் தலைவர் பனை ஏறினார். கேமராக்கள் அண்ணாந்து பார்த்தன. தலைவர் ஏறினால் தலைப்புச் செய்தி. பனையேறி ஏறினால் பிழைப்பு. விழுந்தால் உள்பக்கத்தில் நாலு வரி, அதுவும் விளம்பரம் குறைந்த நாளாக இருந்தால்.

அவன் இறக்குகிற கள் 1987 முதல் இங்கே தடை. காரணம், மக்கள் உடல்நலம். பாராட்டுவோம். உடல்நலத்தில் இவ்வளவு கறாராக இருக்கிற அரசு தானே கடை வைத்து, தானே பில் போட்டு, 2024-25-ல் டாஸ்மாக் மூலம் ஈட்டிய வருவாய் 48,344 கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. ஒரு கையால் ஈரலைக் கெடுக்க இரண்டு பங்கு வாங்கி, மறு கையால் ஈரலைப் பார்க்க ஒரு பங்குக்கும் குறைவாகக் கொடுக்கிறார்கள். லாபத்தில் ஓடுகிற கருணை இது.

இனி வெயில். தூத்துக்குடி உப்பளத்தில் வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். பாத்திக்குள் நிற்கிற பெண்கள் தண்ணீரை அளந்துதான் குடிக்கிறார்கள். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும், இடம் கிடையாது. சர்க்கரை இல்லாமல், ரத்தக்கொதிப்பு இல்லாமல், சிறுநீரகம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போகிற நோயை வெயிலில் வேலை செய்கிறவர்களிடம் தமிழ்நாட்டு ஆய்வாளர்களே கண்டிருக்கிறார்கள். இதே நோய் எல் சால்வடாரிலும் நிகராகுவாவிலும் கரும்பு வெட்டுகிற வாலிபர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருக்கிறது. இலங்கையில் வடமத்திய மாகாணத்து விவசாயிகளை, ஆந்திராவில் உத்தானம் பகுதியை விட்டுவைக்கவில்லை. நான்கு தேசம், நான்கு மொழி. நோய்க்கு ஆளைக் கண்டுபிடிக்க மொழி தேவைப்படவில்லை, வெயிலில் குனிந்த முதுகு போதும்.

அந்தக் கரும்புக்காட்டுக்காரர்களின் சொந்தபந்தங்களும் வடக்கே எல்லை தாண்டிப் போய் அமெரிக்காவின் பழத்தைப் பறிக்கிறார்கள். அங்கே ஸ்பானிய வழி லத்தீன் மக்களில் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் வெள்ளையர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இருந்தும் சராசரியில் வெள்ளையரைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்துவந்தார்கள். இது எப்படி என்று 1986-லிருந்து பேராசிரியர்கள் தலையைச் சொறிந்தார்கள், முரண்புதிர் என்று பெயர் வைத்தார்கள், கட்டுரை கட்டுரையாக எழுதினார்கள். 2020-ல் கொரோனா வந்தது. கறி வெட்டுகிற தொழிற்சாலையிலும் காய் பறிக்கிற தோட்டத்திலும் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாத அந்த மக்களின் சராசரி ஆயுள், வெள்ளையர்களைவிடப் பன்மடங்கு வேகத்தில் சரிந்தது. சராசரியை நம்பி உட்கார்ந்தவர்களுக்குச் சராசரியே கொடுத்த அறை.

ஆனால் அங்கே ஒன்று நடந்தது. தோட்டத் தொழிலாளர்கள் வெயிலில் செத்த பிறகு, 2005-ல் கலிபோர்னியா சட்டம் போட்டது. வெளியில் வேலை வாங்குகிற முதலாளி குடிநீர் தர வேண்டும், நிழல் தர வேண்டும், ஓய்வு தர வேண்டும். தராவிட்டால் அபராதம். தண்ணீர், நிழல், ஓய்வு. இதற்கு அணு விஞ்ஞானம் தேவையில்லை. நாமும் சும்மா இருக்கவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். அங்கே சாகாமலிருக்க முதலாளி நிழல் தர வேண்டும். இங்கே செத்த பிறகு அரசு செக் தரும். வெயில் ஆளை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தை மட்டும் தின்றால்? அது பேரிடர் இல்லையாம். வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ், இரண்டு பஸ், இரண்டு நாள் கூலி போச்சு. துணைக்கு வருகிறவளுக்கும் போச்சு.

திட்டங்களே இல்லை என்றால் பொய் சொன்ன பாவம் வரும். பெயர்ப் பலகைக்குக் குறையே இல்லை. 2009-ல் கலைஞர் காப்பீடு. 2011-ல் ஆட்சி மாறியது, 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீடு. 2018-ல் அதன் தலையில் பிரதமர் படமும் ஏறியது. 2020 டிசம்பரில் அம்மா மினி கிளினிக், ஒரு வருடம் தாண்டியதும் மூடுவிழா. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம். 2025 ஆகஸ்டில் நலம் காக்கும் ஸ்டாலின் முகாம். மக்களைத் தேடி வருகிற சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் நிஜமாகவே வீட்டு வாசலுக்கு வருகின்றன. கிழவிகள் வாழ்த்துகிறார்கள், நானும் வாழ்த்துகிறேன். ஆனால் மாத்திரை மட்டும் தேடி வந்தால் போதுமா? டாக்டர் எப்போது தேடி வருவார்?

முகாமுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பள்ளிக்கூட மைதானம், ஷாமியானா, வாசலில் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு தலைவர் படம். வெயிலில் ஒன்றரை மணி நேரம் வரிசை. பிறகு பிரஷர் பார்த்தால் பிரஷர் ஏறியிருக்கிறது. ஏறாமல் என்ன செய்யும்? ரத்தம் எடுப்பார்கள், ஈசிஜி எடுப்பார்கள், போட்டோவும் எடுப்பார்கள். நோயைக் கண்டுபிடிப்பதும் உண்டு, அதை மறுக்கவில்லை. கண்டுபிடித்ததும் ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். வாங்கிப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஹைகிரவுண்டு.

காப்பீட்டில் வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை உண்டு. அதற்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம். பதினோராயிரம் சம்பாதிக்கிற டிரைவர் அரசுக் கணக்கில் வசதி படைத்தவர், சொந்தக் காசில் இதய ஆபரேஷன் செய்துகொள்ளலாம். மற்றவர்கள் விஏஓவிடம் போய் ஏழை என்று எழுதி வாங்க வேண்டும். ஏழை என்பது பார்த்தால் தெரியாது, சீல் வேண்டும்.

அடுத்தது கைரேகை. முப்பது வருடம் பீடி சுற்றியவளின் விரல் நுனியில் ரேகை எங்கே இருக்கும்? பனைச் செதிலும் உப்பும் வலைக்கயிறும் அதைத்தான் முதலில் தின்கின்றன. ரேஷன் கடையில் அவள் விரலை வைப்பாள். துடைத்து வைப்பாள். மாற்றி வைப்பாள். "பெரியம்மா, நல்லா அழுத்துங்க" என்பான் கடைப் பையன். மிஷின் ஒத்துக்கொள்ளாது. இத்தனை வருடத்தில் அந்தக் கையை வாங்கிப் பரிசோதித்த ஒரே அரசுக் கருவி அதுதான். அது மட்டும்தான் உண்மையைச் சொன்னது, இந்தக் கை தேய்ந்துபோய்விட்டது என்று. உடனே அரிசியை நிறுத்தினார்களே தவிர, கைக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை.

1700-ல் இத்தாலியில் பெர்னார்டினோ ராமசினி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார். நீ என்ன வேலை செய்கிறாய்? முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் ஓபி சீட்டில் பெயர் கேட்கிறார்கள், வயது கேட்கிறார்கள், ஆதார் கேட்கிறார்கள், போன் நம்பர் கேட்கிறார்கள், அதற்கு ஓடிபிகூட வருகிறது. வேலையை மட்டும் கேட்பதில்லை.

மறதி என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டால் பதில் வரும். பீடி என்பாள், உப்பளம் என்பாள், பனை என்பான், கடல் என்பான். எழுதி வைத்தால் கணக்கு சேரும். கணக்கு சேர்ந்தால் இந்த நோயை யார் உண்டாக்கினார்கள் என்று தெரியும். தெரிந்துவிட்டால் பில்லை யாரிடம் அனுப்புவது என்பதும் தெரிந்துவிடும். கம்பெனிக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று. அந்தக் கேள்வி சீட்டில் ஏறாதவரைக்கும், பில் எங்கள் கட்டைப்பைக்குள்ளேயே வந்து விழும்.